குற்றமும் குடிப்பிறப்பும்

சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் பயிலும் நம்மிற் பலர் கண்ணகியின் சினத்தையும் மதுரை எரியுண்டதையும் நெஞ்சிற் கொள்கின்றோமேயன்றி, கொலைக்களக் காதையில் நிகழும் ஒரு சிறிய உரையாடலை விரைந்து கடந்துவிடுகின்றோம். பாண்டியன் ஏவலால் வந்த காவலர் கோவலனைக் கண்டு தயங்குகின்றனர். இவன் கொலைக்குரியவன் போலத் தோன்றவில்லையே என்கின்றனர். அப்பொழுது பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு உள எனத் தொடங்கி, களவு நூலையே விரித்துரைக்கின்றான். அவன் உரை முழுவதையும் துருவி ஆராய்ந்தாலும் கோவலன் சிலம்பைத் திருடினான் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. கள்வர் என்பார் இத்தன்மையர் என்னும் பொதுவுரை ஒன்றே உளது. அதனைக் கேட்டு முடிப்பதற்குள் கள்ளுண்டு களித்த காவலன் ஒருவன் வாளை ஓச்சிவிடுகின்றான்.

ஒருவன் செய்த செயலை விடுத்து அவன் இன்ன இனத்தான் என்பதையே குற்றமாகக் கொள்ளும் இவ்வழக்கம் காப்பியத்தோடு ஒழிந்ததன்று. எம் ஊராகிய வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை; தெற்கே சோழவந்தான் வழியாக வைகையைக் கடந்து சென்றால் நாகமலை. அம்மலைக்கு அப்பாலுள்ள நாட்டில் அவ்வழக்கம் நம் பாட்டனார் காலத்தில் சட்டமாகவே நின்றது. அச்சட்டத்தையும், அதன்கீழ்ப் பெண்டிர் நிலையையும் ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதன்முதல் 1871-இல் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்டது. தச்சன் மகன் தச்சனாதல் போலக் கள்வன் மகனும் கள்வனாவான் என்பதே அதனைக் கொணர்ந்தார் கருத்து. அச்சட்டம் இரண்டு பகுதிகளை உடையது. முதற்பகுதி குற்றக் குலங்கள் எனப்பட்டாரைப் பற்றியது. இரண்டாம் பகுதியோ, இன்று நாம் திருநங்கையர் என மதிப்புடன் அழைக்கும் மக்களைப் பற்றியது. அவர்தம் பெயரையும் ஏட்டிற் பதிவு செய்தனர். பதிவு பெற்ற ஒருவர் பெண்ணுடையும் அணியும் பூண்டு பொது இடத்தில் தோன்றினாலும் ஆடினாலும் சிறை. மகவைத் தத்தெடுத்தலும் உயில் எழுதுதலும் அவர்க்கு விலக்கு. இதனைப் படித்தபொழுது மாதவி ஆடிய பதினோராடலுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்றென்பது எம் நினைவிற்கு வந்தது. இளங்கோவடிகள் கூத்தாகப் போற்றிய கோலத்தை அச்சட்டம் குற்றமாக எழுதிவைத்தது.

1911-இல் இயற்றிய புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பரவியது. ஒரு கூட்டத்தார் குற்றமே தொழிலாக உடையர் என்று மாகாண அரசாங்கம் கருதின், அவரைக் குற்றப் பரம்பரையார் என விளம்பரம் செய்யலாம். அவ்விளம்பரம் முறையானதா என்று எந்த நீதிமன்றமும் கேட்டல் கூடாது. இவ்விதியை யாம் மும்முறை படித்தோம். பாண்டியன் பிழை செய்தான். ஆயினும் அவன் வாயில் திறந்திருந்தது. கண்ணகி சிலம்பேந்தி உள்ளே சென்று, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று காட்டி வழக்குரைக்க இடமிருந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அவ்வாயில் எழுதும்பொழுதே அடைக்கப்பட்டுவிட்டது.

மதுரை மாவட்டத்தில் 1914-இல் சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக் கள்ளர்மீது இச்சட்டம் ஏவப்பட்டது. பின்னர்ச் சில ஆண்டுகளில் கருமாத்தூர், பாப்பாபட்டி, கொக்குளம் முதலிய ஊர்களை உள்ளிட்ட பிறமலைக் கள்ளர் நாடு முழுவதும் அதற்குட்பட்டது. பெயரிலேயே களவு உளதே என்பாரும் உளர். பெயரைக் கொண்டே தீர்ப்பு வழங்குவதாயின், எம் ஊர்ச் சந்தையில் பொன்னன் எனப் பெயர் பூண்டார் யாவரும் செல்வராதல் வேண்டும்! உண்மையில் மதுரைச் சமவெளியின் ஊர்கள் பலவற்றில் கள்ளரே காவற்காரர். காவற்கூலி வாங்கினர், களவுபோன பொருள் மீட்கத் துப்புக்கூலியும் வாங்கினர். இம்முறையில் கொடுமை இல்லை என்று யாம் சொல்லவில்லை. கூலி தராதார் வீட்டில் மாடு காணாமற்போதலும் உண்டு. அதனை எதிர்த்து 1896-இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர் பணம் திரட்டிப் 'பண்டு' அமைத்துத் தாமே காவல் வைத்துக்கொண்டனர். குற்றம் செய்தார் இருந்தனர். ஆனால் சட்டம் அவரைத் தேடவில்லை. நாட்டிலுள்ள ஆடவர் அனைவரையும் கைரேகை வைக்க அழைத்தது. அதனாலேயே மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றனர்.

ரேகை வைத்தவன் இரவில் சாவடியிலோ போலீஸ் நிலையத்திலோ படுத்தல் வேண்டும். வெளியூர் செல்வதற்கு ராதாரிச் சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு வேண்டும். மணம் முடித்த அன்றிரவும் புதுமாப்பிள்ளை சாவடியிலேயே படுத்தான் என அந்நாட்டு மூத்தோர் கூறுவர். பதிவேடு ஆடவர்க்கே உரியது. ஆதலின் பெண்டிர்க்கு இச்சட்டத்தால் தொல்லையில்லை என்று எண்ணத் தோன்றும். எண்ணிப் பார்ப்பின் வேறு விதமாகத் தெரிகின்றது. ஆடவர் எல்லாரும் ஓரிடத்தில் அடைபட்டுக் கிடக்கும் இரவில் வீட்டையும் மாட்டையும் மகவையும் காத்தவர் யார்? மழைக்கால நள்ளிரவில் பிள்ளைக்கு நோய் கண்டால் வைத்தியனிடம் ஓடியவர் யார்? கணவன் ஒரு நாள் சாவடிக்கு வாராது சிறை சென்றால் அவன் உழுத நிலத்தை உழுதவர் யார்? ஏட்டில் ஏறாத பெண்ணே ஏட்டின் சுமையைத் தாங்கினாள்.

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்த பெருங்காமநல்லூரார் ரேகை வைக்க மறுத்து நின்றனர். போலீஸார் சுட்டனர். இறந்தோர் பதினாறு பேர் என்பர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். காயமுற்று வீழ்ந்தார்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபொழுது அவர் கொல்லப்பட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. பிடிபட்டோரைச் சங்கிலியாற் பிணித்துத் திருமங்கலத்துக்கு நடத்திச் சென்றனர். ரேகை கேட்டு மாயக்காளை எவரும் அழைத்திலர். அவர் பெயர் எப்பதிவேட்டிலும் வேண்டப்பட்டதன்று. ஆயினும் துப்பாக்கி அவ்வேற்றுமையைப் பார்க்கவில்லை.

கிறிஸ்தவர்களாகிய நாம் இவ்வரலாற்றில் நம்மவர் பங்கையும் காணல் வேண்டும். அது இருவகைத்து. தெலுங்கு நாட்டு ஸ்டூவர்ட்டுபுரம் போன்ற குடியிருப்புகளில், குற்றக் குலத்தார் எனப்பட்டாரைத் திருத்தும் பணியை அரசாங்கம் இரட்சணிய சேனையாரிடம் ஒப்படைத்தது. அவர்தம் அன்பை யாம் ஐயுறவில்லை. பள்ளியும் தொழிலும் தந்தனர். ஆயினும், பிறவியிலே குற்றவாளிகள் என்னும் தீர்ப்பை மறுக்காமலே மருந்திட முயன்றனர் என்பது எம் கருத்து. மதுரையில் வாழ்ந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் வேறு வழி நின்றார். செங்கன்னூரிற் பிறந்த சிரியன் கிறிஸ்தவராகிய அவர் பெருங்காமநல்லூர் நிகழ்ச்சிக்குப்பின் கள்ளர்க்காக வழக்காடினார். அச்சட்டத்தையே எதிர்த்து எழுதினார். அந்நாட்டு மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். 1938-இல் அவர் மறைந்த பின்னரும், ரோசாப்பூ என்னும் பெயரைத் தம் பிள்ளைகட்கு இட்ட குடும்பங்கள் அங்கு உள. சட்டம் கட்டைவிரலால் ஒரு பெயரைத் தந்தது. மக்கள் தாம் விரும்பிய பெயரைத் தாமே இட்டுக்கொண்டனர்.

முத்துராமலிங்கத் தேவர் முதலியோரும் போராடிய பின், 1947-இல் சென்னை மாகாணத்திலும் 1952-இல் நாடு முழுவதிலும் இச்சட்டம் நீங்கியது. பழிச்சொல் அத்துணை விரைவில் நீங்கவில்லை. 1986-இல் ஆங்கில இதழொன்று உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையை வெளியிட்டது. கொடுமை மெய்யே, அதற்குச் சமாதானம் கூறுவார் எவரும் எம்மிடம் நட்புக் கொள்ளல் அரிது. ஆயினும், பல இதழ்கள் அதனை ஒரு சாதியின் இயல்பென்றே பின்னர் எழுதின. முன்பு ஆடவனுக்கு இட்ட பெயரை இம்முறை தாய்க்கு இட்டனர். அச்சமூகத்தின் பழைய வழக்கமோ வேறு. மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்தனர். மணமுறிந்த பெண் மறுமணம் செய்துகொள்ளும் 'அறுத்துக்கட்டும்' வழக்கமும் இருந்தது. பரிசம் போய் வரதட்சிணை புகுந்தபின்னரே பெண் மகவு சுமையாயிற்று. வரதட்சிணை வாங்கியவன் பெயர் எந்த இதழிலும் வரவில்லை! இதே குற்றத்துக்காக வடக்கே 1870-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றி ராஜபுத்திரக் குடிகளைப் பதிவு செய்தனர் என்பதை நினைப்பின், இஃது ஒரு நாட்டுக்கோ ஒரு குலத்துக்கோ உரியதன்று என்பது விளங்கும்.

தமிழ்நாட்டு அரசாங்கம் 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் மதுரை முதலிய மாவட்டங்களுக்கும் அது வந்தது. பெற்றோர் கடமையைத் தளர்த்துகின்றது, பெண் மகவைக் கைவிடுதலை எளிதாக்குகின்றது எனக் குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் அத்தொட்டிலின் அருகே பதிவேடு இல்லை. மகவை இட்டுச் செல்லும் தாயை மறித்து, நீ எக்குலத்தாள் என்று அங்கு எவரும் கேட்பதில்லை.