ரவுட்டரும் பெயர்ப் பதிவேடும்

ஒவ்வோர் அகப்பக்கமும் ஓர் எண் முகவரியில் உள்ளது. நாம் எழுதும் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேடு. 1983-இல் உருவான இம்முறை, கடிதத்தில் உள்ள பெயரைக் கண்டு வீட்டு எண்ணைக் கூறும் தோட்டத்துக் கிராணியாரைப் போன்றது. அவர் இல்லையேல், சாலை நன்றாயிருந்தும் கடிதம் வீடு சேராது.

பக்கம் திறவாமல் பிள்ளைகளின் பாடம் தடைப்பட்டால், புதிய ரவுட்டர் வாங்க விரைதல் வேண்டா. கீழ்க்கண்டவாறு சோதித்தறிக.

1. ஒரு கைப்பேசியில் மட்டும் தடையெனில், பழுது அக்கைப்பேசியில் உள்ளது.

2. எல்லாவற்றிலும் தடையெனில், ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குக.

3. பின்னும் தடையெனில், ரவுட்டர் அமைப்பிலுள்ள டி.என்.எஸ். எண்ணை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என மாற்றுக. பக்கம் திறந்தால் சாலை நலம், முன்னைய பதிவேடே பழுது. திறவாவிடில், இணைய நிறுவனத்திற்குத் தெரிவித்திடுக.