தேர்வறையில் இருவருக்குத் தேர்வு

மார்ச் மாதம் பிறந்ததும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பத்தாம் வகுப்பு மாணவர் உள்ள இல்லங்களில் பேச்சு குறைந்துவிடுகிறது. மகன் தேறினால் திருமலையில் முடி காணிக்கை செலுத்துவதாகத் தாய் வேண்டிக்கொள்கிறாள். தமிழும் தெலுங்கும் சேர்ந்தொலிக்கும் நகரியிலும் குப்பத்திலும் இந்தக் கவலைக்கு மொழி வேற்றுமை இல்லை.

தேர்வு என்பது மாணவனுக்கு மட்டும் உரியதன்று. அதே அறையில் நின்றுகொண்டிருக்கும் கண்காணிப்பாளரும் அந்நேரத்தில் சோதிக்கப்படுகிறார்.

மாணவரின் உள்ளம்

வினாத்தாளைக் கண்டதும் உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, நேற்றுவரை நினைவில் நின்ற விடை மறைகிறது. உண்மையில் அது அழிந்துவிடவில்லை. அச்சம் மனத்தை நிறைக்கும்போது நினைவுக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. மூச்சைச் சற்று நிதானமாக இழுத்து விட்டு, தெரிந்த வினாவிலிருந்து தொடங்கினால் அவ்வழி மெல்லத் திறக்கிறது. அச்சத்தின் வேர் பெரும்பாலும் பாடத்தில் இல்லை. "தந்தை என்ன சொல்வார்? அண்டை வீட்டார் என்ன நினைப்பர்?" என்ற எண்ணங்களே அதற்கு நீர் வார்க்கின்றன.

கண்காணிப்பாளரின் உள்ளம்

மூன்று மணி நேரத்திற்கும் மேலாக விழிப்புடன் இருப்பது எளிதன்று. வெற்றுத்தாளைப் பார்த்துக் கண் கலங்கும் குழந்தையைக் கண்டு ஆசிரியரின் நெஞ்சும் இளகுகிறது. அப்போது இரண்டு தவறான வழிகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, எல்லோரையும் குற்றவாளிகளாக எண்ணி அதட்டுவது. மற்றொன்று, இரக்கத்தின் பெயரால் விடையைக் காட்டிக்கொடுப்பது. முன்னது அஞ்சும் மாணவனை மேலும் நடுங்கச் செய்கிறது. பின்னது நேர்மையாக எழுதும் மாணவனுக்கு அநீதி இழைக்கிறது.

பெருந்தொற்றினால் 2020, 2021 ஆண்டுகளில் ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. 2022 ஏப்ரல் 27-இல் அது மீண்டும் தொடங்கிய அன்றே, சித்தூர் மாவட்டத்தில் வினாத்தாளின் படம் கைபேசிகளில் பரவியது. ஆசிரியர்கள் உள்ளிட்ட சிலர் கைது செய்யப்பட்டனர். குற்றம் எவருடையது என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் பணி. எனினும், மதிப்பெண் மீது கொண்ட பேராசை பெரியவர்களையே முதலில் வீழ்த்தும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. ஜூன் 6-இல் முடிவுகள் வந்தபோது 67.26 விழுக்காட்டினரே தேர்ச்சி பெற்றிருந்தனர். மற்றவர்களுக்கு அடுத்த மாதமே துணைத்தேர்வு நடைபெற்றது. ஒரு மாதத்தில் மீண்டும் திறக்கும் கதவை, வாழ்வே மூடிவிட்டதாக எண்ணிக் கலங்குவது அறியாமை. இதைப் பெற்றோர் முடிவு வரும் நாளுக்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இம்மண் தந்த இருவர்

சிறுவயதில் திருப்பதியின் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, உயர்கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அது தேர்வுமுறையைப் பற்றியதாகவே இருக்கும் என்று கருதியது.

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒருமுறைக்கு மேல் தோற்றவர் அவர். பிற்காலத்தில் உலகம் அவரைச் சிந்தனையாளராக ஏற்றது. அச்சமும் ஒப்பீடும் உள்ள இடத்தில் அறிவு மலராது என்பதை அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். மதனப்பள்ளிக்கு அருகே அவர் நிறுவிய ரிஷி வேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப்புறப் பள்ளிகளில், கற்றல் ஓர் ஏணியாக அமைக்கப்பட்டது. குழந்தை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறுகிறது. சோதனையும் அந்த ஏணியின் ஒரு படியே. தவறினால் துணை அட்டையின் உதவியுடன் மீண்டும் முயலலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு இம்முறை வித்தாயிற்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

மாணவர்: உழைப்பு தம் கையில், முடிவு தம் கையில் இல்லை எனத் தெளிதல். எழுதி முடித்த தாளைப் பற்றி மாலையில் ஆராயாமல் மறுநாள் பாடத்தில் மனம் செலுத்துதல்.

கண்காணிப்பாளர்: கண்ணில் விழிப்பு, குரலில் கனிவு. விடை சொல்லலாகாது, "இன்னும் நேரம் இருக்கிறது, நிதானமாக எழுது" என்று சொல்லலாம். ஒரு குவளை தண்ணீர் தரலாம்.

பெற்றோர்: "எத்தனை மதிப்பெண் வரும்?" என்று வாயிலிலேயே கேளாமல், முதலில் உணவு பரிமாறுதல்.

விடைத்தாள்கள் கட்டப்பட்டு அறை பூட்டப்படும்போது மாணவனின் தேர்வுடன் ஆசிரியரின் தேர்வும் முடிகிறது. மாணவனின் தாளைத் திருத்துவோர் வேறு ஊரில் இருக்கலாம். ஆசிரியரின் தாளைத் திருத்துவது அவருடைய மனச்சாட்சியே.