சக்கர நாற்காலிக்கும் வரிசை உண்டு

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஆர்லண்டோ பயணம் ஏறக்குறைய கட்டாயம் ஆகிவிட்டது. டிக்கெட் எடுத்த கையோடு யாராவது ஒருவர் யோசனையும் சொல்லிவிடுவார்: “அப்பாவுக்கு ஒரு வீல்சேர் எடுத்துடுங்க. கியூல நிக்கவே வேணாம், நேரா உள்ள விட்டுடுவாங்க.” சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தகவல் பழையது.

நம்பிக்கை: சக்கர நாற்காலி இருந்தால் வரிசை இல்லை.

உண்மை: ஃப்ளோரிடாவின் ஆர்லண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பெரும்பாலான ரைடுகளின் வரிசைப் பாதைகள் சக்கர நாற்காலி போகும் அகலம் உள்ளவை. நாற்காலியில் இருப்பவரும் மற்றவர்களோடு சேர்ந்து அதே வரிசையில்தான் நகர வேண்டும். 1955-ல் திறந்த கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் சில பழைய ரைடுகளின் பாதைகள் குறுகலானவை. அங்கே வேறு வழியாக விடுவார்கள். அதற்கும், வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

நம்பிக்கை: ஊனம் என்று சொன்னால் முதல் ஆளாக ஏற்றிவிடுவார்கள்.

உண்மை: இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 2013 வரை டிஸ்னியில் ஒரு உதவி அட்டை இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் பல ரைடுகளில் அதிகம் காத்திருக்காமலே ஏற முடிந்தது. அந்த ஆண்டு மே மாதம் நியூயார்க் போஸ்ட் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. மன்ஹாட்டனின் பணக்காரக் குடும்பங்கள் சில, மணிக்கு 130 டாலர் கொடுத்து ஒரு மாற்றுத்திறனாளியைக் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போகின்றன என்பதுதான் அது. வாடகைக்குக் கார் எடுப்பதுபோல வாடகைக்கு ஒரு ஊனம்! அக்டோபரில் அட்டை ஒழிந்தது. ‘டாஸ்’ எனப்படும் புதிய ஏற்பாடு வந்தது.

டாஸ் காத்திருப்பை ரத்து செய்வதில்லை, காத்திருக்கும் இடத்தைத்தான் மாற்றுகிறது. வரிசை 70 நிமிடம் என்றால், சுமார் 60 நிமிடம் கழித்து வரும்படி நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், இரைச்சல் இல்லாத மூலையைத் தேடிப் போகலாம். நெரிசலும் சத்தமும் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரத்தை எங்கே கழிக்கிறோம் என்பதுதான் பிரச்சினையே. ஒரு ரைடுக்கு நேரம் வாங்கியிருக்கும்போது அடுத்ததற்கு வாங்க முடியாது. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் இது போதாது, குறித்த நேரம்வரை காத்திருப்பதே எங்கள் பிள்ளைகளால் முடியாது என்று குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 2020-ல் ஃப்ளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் டிஸ்னிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம்பிக்கை: டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் போதும்.

உண்மை: நம் ஊர்ப் பழக்கத்தில் சான்றிதழ்தான் சாவி. டிஸ்னி நடத்துவதோ வீடியோ நேர்காணல். தேவைப்பட்டால் மருத்துவத் துறையினர் ஒருவரும் பேச்சில் சேர்ந்துகொள்வார். 2024 மே மாதம் ஃப்ளோரிடாவிலும் ஜூனில் கலிஃபோர்னியாவிலும் விதி இறுகியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் வழக்கமான வரிசையில் நீண்ட நேரம் நிற்க முடியாதவர்களுக்குத்தான் டாஸ் என்றாகிவிட்டது. பொய் சொல்லிப் பெற்றது தெரிந்தால் பூங்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடை. யூனிவர்சல், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காக்களின் முறை வேறு. அங்கே ஆவணங்களை முன்கூட்டியே பதிவு செய்து வெளி அமைப்பு ஒன்றின் அட்டையைப் பெற்றுக்கொண்டு போக வேண்டும்.

அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய குடல் நோயாளிக்கு டிஸ்னி இப்போது சொல்லும் வழி, வரிசையை விட்டுப் போய்த் திரும்பி வந்து சேர்ந்துகொள்வது. நெருக்கியடித்து நிற்கும் நூறு பேரை “கொஞ்சம் வழி விடுங்க” என்று விலக்கிக்கொண்டு இரண்டு முறை போய் வந்தால் தெரியும், அது எப்படிப்பட்ட வழி என்று. குறுக்குவழி தேடியவர்கள் செய்த வினைக்கு, உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதே என் கணிப்பு. புதிய விதியை எதிர்த்து 2025-ல் கலிஃபோர்னியாவில் வழக்கும் பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை: “நீங்க ஏறக் கூடாது” என்று சொன்னாலே அது பாகுபாடு.

உண்மை: எப்போதும் அல்ல. 2011 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தின் டாரியன் லேக் பூங்காவில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் படைவீரர் ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். அந்த ரைடில் உடலைப் பிடித்து வைக்கும் அமைப்பு கால்களை நம்பியது. இரண்டு கால்களும் இருக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. ஊழியர்கள் ஏறவிட்டுவிட்டார்கள். அவர்கள் இரக்கப்பட்டிருக்கக்கூடும்.

அதற்காக, ஆளைப் பார்த்ததுமே “உங்களால் முடியாது” என்று கைகாட்டவும் உரிமையில்லை. 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் விதிகளின்படி, பாதுகாப்பு நிபந்தனை உண்மையான ஆபத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும்; ஊகத்தின் அடிப்படையில் இருக்கக் கூடாது. துணை நாயோடு வருபவரிடம்கூட இரண்டே கேள்விகள்தான் கேட்கலாம்: ஊனம் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள். நாய்க்குச் சான்றிதழ் கேட்க முடியாது.

நம்பிக்கை: எல்லோருக்கும் ஏற்றபடி பூங்கா கட்டினால் மற்றவர்கள் வரமாட்டார்கள்.

உண்மை: டெக்சஸின் சான் அன்டோனியோவில் 2010 முதல் மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் இயங்குகிறது. கட்டுமானத் தொழிலதிபர் கார்டன் ஹார்ட்மன், மாற்றுத்திறனாளியான தன் மகள் மோர்கனை மனதில் வைத்து, கைவிடப்பட்ட கல்குவாரி நிலத்தில் அமைத்தது. சக்கர நாற்காலியோடே ஏறி ஆடும் ஊஞ்சல் இருக்கிறது, ராட்டினமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-ல் பக்கத்திலேயே நீர்ப் பூங்காவும் வந்தது. பேட்டரி நாற்காலி தண்ணீரில் இறங்க முடியாதே? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அழுத்திய காற்றில் ஓடும் நாற்காலியை உருவாக்கிவிட்டார்கள். டிக்கெட் வருமானம் செலவுக்குப் போதாமல் நன்கொடையால்தான் சமாளிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊனம் இல்லாதவர்கள்.

ஆர்லண்டோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் நாற்காலியைத் தயங்காமல் வாடகைக்கு எடுங்கள். வரிசைக்காக அல்ல, நடைக்காக. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றிவரும் பாதை மட்டுமே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்.