வீட்டில் சாக்கலேட் உருண்டை செய்தல்

விசேஷ தினங்களில் கடையில் வாங்கப்படும் சாக்கலேட் உருண்டையை, கறவை உள்ள குடும்பங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் அச்சரப்பாக்கம் போன்ற உஷ்ணப் பிரதேசத்தில் பருவமறிந்து செய்தல் வேண்டும். கோக்கோக் கொழுப்பு சுமார் 34 டிகிரி உஷ்ணத்தில் உருகிவிடும். பாலேடு கலந்த உருண்டையோ அதற்கும் முன்பே இளகும். சித்திரை, வைகாசியில் முயல்வது பொருள் நஷ்டமே. மார்கழி, தை மாதத்துக் காலைவேளை உத்தமம்.

நமது நாட்டில் கோக்கோ 1798-ம் வருஷம் குற்றாலத்தில் முதலில் நடப்பட்டதென்பர். இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக உள்ளது. விதையைச் சதையுடன் குவித்து, இடையிடையே கிளறி, சுமார் ஆறு நாள் புளிக்கவைத்து உலர்த்துவர். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்கலேட் மணம் வாராது. மலிவென்று அத்தகைய சரக்கை வாங்கற்க.

சர்க்கரை குறைந்த கறுப்புச் சாக்கலேட் 200 கிராமைப் பொடியாக நறுக்கி, ஈரமற்ற பாத்திரத்திலிடுக. 100 கிராம் பாலேட்டைக் கட்டியின்றி அடித்து, கொதி வருந் தறுவாயில் இறக்கி அதன்மேல் ஊற்றவேண்டும். இரண்டு நிமிஷம் பொறுத்து, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குக. அவசரமாக அடித்தால் கொழுப்புப் பிரிந்து மேலே மிதக்கும்; சிறிது சூடான பால் விட்டுக் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும். ஆறி இறுகியபின் நெல்லிக்காயளவு உருட்டிக் கோக்கோத் தூளில் புரட்டுக.

வெயில் மாதங்களில் பிரௌனி என்னும் அடுப்பில் சுடும் பணியாரமே தகும். அதற்கு உருகும் தொல்லையில்லை. நடுவில் குத்திய குச்சியில் ஈரத்துணுக்கு ஒட்டும்போதே இறக்கிவிட வேண்டும். உருண்டைகளைக் குளிர்பெட்டியில் மூடிவைத்து, மூன்று தினங்களுக்குள் தீர்த்துவிடுக. பாலேடு புளித்த வாடை தோன்றினால் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது.