இடிபட்ட ஸ்போர்ட்ஸ் கார்: இசியுவைத் தொடும் முன்

கார் கைக்கு வந்த மறுநாளே பேட்டரியைக் கழற்றி, டாஷ்போர்டைப் பிரித்து, குறுக்கே வரும் வயரை அறுத்துவிடுகிறவர்கள் அதிகம். முன்பக்கம் நசுங்கிய டொயோட்டா 86 ஆனாலும் சரி, கம்பத்தில் மோதிய சிவிக் டைப் ஆர் ஆனாலும் சரி, தகரத்தை நிமிர்த்துவதுதான் முதல் வேலை என்று நினைக்கிறார்கள். தகர வேலை முடிந்து, சாயம் காய்ந்து, எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் “அண்ணே, இசியு ரீபுரோகிராம் பண்ண யாரைப் பார்க்கலாம்?” என்ற கேள்வி வருகிறது. அதற்குள் அந்த வண்டி சொல்லியிருக்கக்கூடிய விஷயங்களில் பாதி தொலைந்துபோயிருக்கும்.

வண்டி இழுத்து வரப்பட்ட நிலையிலேயே அதன் எல்லாக் கணினிப் பெட்டிகளையும் (இசியு என்பது அவற்றில் என்ஜினுக்கானது) படித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். முதலில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயர் எங்காவது நசுங்கித் தகரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். வெடிக்காத ஏர்பேக் முன்னால் யாரும் உட்காரக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரம் கொடுத்து ஸ்கேனரை மாட்டுங்கள். என்ஜின், ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், மீட்டர், இம்மொபிலைசர் என்று ஒவ்வொன்றின் பார்ட் நம்பரையும், உள்ளே இருக்கும் மென்பொருளின் எண்ணையும், அதில் பதிந்திருக்கும் சேசிஸ் நம்பரையும், பிழைக் குறியீடுகளையும் கோப்பாகச் சேமியுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். ஏதாவது ஒரு பெட்டி பதில் சொல்லவில்லை என்றால் அதையும் குறித்து வையுங்கள்.

யு0100 என்றால் என்ஜின் இசியுவோடு தொடர்பு அறுந்திருக்கிறது. யு0121 ஏபிஎஸ், யு0151 ஏர்பேக். மோதிய வண்டியில் இந்தக் குறியீடுகளைப் பார்த்தவுடன் “பெட்டி செத்துவிட்டது” என்று முடிவுகட்டி வேறொன்றை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெட்டிக்குப் போகும் வயர் நசுங்கியிருக்கும், அல்லது முன்பக்கத்து ஃபியூஸ் பெட்டி உடைந்து அதற்கு மின்சாரம் போயிருக்காது, அல்லது எர்த் போல்ட் தகரத்தோடு பிய்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை, சாதாரண மல்டிமீட்டர் போதும். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வழிக்குக் கேன் என்று பெயர். 1986ல் அதை வெளியிட்டது போஷ் நிறுவனம். முறுக்கிய இரண்டு வயர், இரண்டு முனையிலும் 120 ஓம் தடை, அவ்வளவுதான் கேனின் அமைப்பு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. சாக்கெட்டின் பின்னால் ‘கேட்வே’ பெட்டி இருக்கும் புதிய ஐரோப்பிய வண்டிகளில் இந்த அளவை அப்படியே நம்ப முடியாது. எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டியின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், புரோகிராம் பேச்சை ஒதுக்கிவிட்டு அந்த எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

வெல்டிங் தொடங்கும்போது பேட்டரியைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் உள்ள பெட்டிகளின் சாக்கெட்டையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்தை ஒட்டியே மாட்ட வேண்டும். மின்சாரம் காரின் மறுமுனை வரை சுற்றிப் போகக் கூடாது. பட்டறைக்காரர் அனுபவசாலியாக இருந்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது உதிரி வாங்குவது. பினாங்கின் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜம் பக்கத்துக் கடைகளில் ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய கார்) தேடும்போது எல்லோரும் என்ஜினையும் கியர்பாக்ஸையும்தான் பார்க்கிறார்கள். இசியு, சாவி, இம்மொபிலைசர் பெட்டி, ஸ்டீயரிங் லாக், மீட்டர் இவை ஐந்தும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று கேளுங்கள். இவை ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் பிடிக்கும். தனியாக வாங்கிய இசியுவை உங்கள் சாவியோடு இணைப்பதை விட, மொத்த செட்டையும் மாற்றுவது பல வண்டிகளில் எளிது. சில வண்டிகளில் அதற்கும் வழியில்லை. ஆவ்டி, ஃபோல்க்ஸ்வேகன் வகைகளில் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் அனுமதி தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து வர வேண்டும். ஆட்டோ கியர் வண்டியின் இசியுவை மேனுவல் வண்டியில் மாட்டிவிட்டு எரியும் விளக்குகளோடு போராடுகிறவர்களும் உண்டு. பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப்பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

உதிரி எடுக்கும் வண்டியின் தரையில் விரித்திருக்கும் கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள், அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஏர்பேக் பெட்டி கியர் கம்பிக்கு அருகே, தரையோடு ஒட்டி இருக்கிறது. தண்ணீர் முதலில் தொடும் பெட்டிகளில் அது ஒன்று. சாக்கெட் பின்னில் பச்சை பூத்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

இனி எழுதும் வேலை. ரீபுரோகிராம் என்ற ஒரே சொல்லில் மூன்று வேலைகளைக் கலந்து பேசுகிறோம். பெட்டிக்குள் மென்பொருளையே புதிதாக ஏற்றுவது ஒன்று. இந்த வண்டியில் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பது இரண்டாவது. மூன்றாவது, ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலை எது, வண்டி அசையாமல் நிற்கும் நிலை எது என்று சென்சார்களுக்குக் கற்றுக்கொடுப்பது. இடிபட்ட காரை மீட்கும்போது முதல் வேலை அபூர்வமாகவே தேவைப்படுகிறது, மூன்றாவது கட்டாயம் தேவைப்படுகிறது. ஆனால் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு செய்து தருவது முதலாவதைத்தான். வீல் அலைன்மெண்ட் முடிந்த பிறகு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங் சென்சாருக்கும் வண்டியின் சுழற்சியை அளக்கும் சென்சாருக்கும் பூஜ்ய நிலையைப் பதிவு செய்யுங்கள். அலைன்மெண்டுக்கு முன்னால் இதைச் செய்தால், பாதி வளைவில் ஏபிஎஸ் தவறான சக்கரத்தைப் பிடிக்கலாம்.

மென்பொருள் ஏற்றியே ஆகவேண்டும் என்றால், கவலைப்பட வேண்டியது மின்சாரத்தைப் பற்றி. எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்ட் விழுந்தால் பெட்டி பாதியில் நின்றுவிடும், பிறகு மேசையில் திறந்து வைத்துத்தான் மீட்க முடியும். சாதாரண சார்ஜர் போதாது. 13.5 வோல்ட்டை ஆடாமல் கொடுக்கும், புரோகிராமுக்கென்றே செய்த சப்ளை வேண்டும். பல வண்டிகளில் எழுதும் நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும், அந்தச் சுமையையும் இந்தச் சப்ளை தாங்க வேண்டும். லேப்டாப் தூங்காமல், அப்டேட் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இடிமழை நம் ஊரில் சாதாரணம், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய மென்பொருளைப் படித்து எடுக்காமல் புதியதை எழுதுவதாகச் சொல்லும் கடையிலிருந்து காரைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள். மேசையில் வைத்து மெமரி சிப்பைப் படிப்பதாக இருந்தால் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நம் பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலைகளில் சால்டரிங் செய்து கை தேர்ந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். சிப்பைச் சூடாக்கும் வேலையை அவர்களிடம் விடலாம்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம் என்பேன். ஏர்பேக் வெடித்த பிறகு அதன் பெட்டி மோதல் பதிவை மெமரியில் பூட்டி வைக்கிறது. அதை அழித்துப் பெட்டியைப் ‘புதிதாக்கி’த் தரும் சேவை எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அழிக்கிறவர் மெமரியை மட்டும்தான் அழிக்கிறார். மோதலை உணரும் சென்சார் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெடிக்கவைக்கும் சுற்று அடுத்த முறை வேலை செய்யுமா என்று அவர் சோதிப்பதில்லை, சோதிக்கவும் முடியாது. தயாரிப்பாளர்களின் பழுதுநீக்கக் கையேடு வெடித்த பெட்டியை மாற்றச் சொல்கிறது, அதையே செய்யுங்கள். முன்பக்க மோதல் சென்சார், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள், இழுத்துப் பிடித்துவிட்ட சீட் பெல்ட் எல்லாம் அதே கணக்கில் சேரும். இதைவிட மோசமான வழி ஒன்றும் உண்டு. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ரெசிஸ்டரை மாட்டிவிடுவார்கள், மீட்டரில் விளக்கு அணைந்துவிடும். வண்டியை வாங்குகிறவரும் அதில் உட்காரும் குழந்தையும் ஏர்பேக் இருப்பதாக நம்புவார்கள். இதைச் செய்து கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், மற்ற எந்த வேலையையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

ஹாஃப்-கட்டிலிருந்து வரும் பழைய ஏர்பேக்கும் வேண்டாம். 2000களின் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் தக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இருக்கிறது. அதில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடிக்கிறது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். பினாங்கின் வெயிலும் ஈரமும் சிபுவுக்குக் குறைந்ததல்ல. உங்கள் சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் பட்டியலில் போட்டுப் பாருங்கள். அதில் இருந்தால் மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு.

இன்னொரு வண்டியின் பெட்டியை மாட்டினால் அதில் பதிந்த சேசிஸ் நம்பர் உங்கள் கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ளதோடு ஒத்துப்போகாது. உங்கள் நம்பரைத்தான் அதில் எழுத வேண்டும். என்ஜின் மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) பதிவு செய்யுங்கள். இரண்டு கார்களை வெட்டி ஒட்டிய வண்டியை, ஒட்டு தெரியாவிட்டாலும், தொடாதீர்கள். காப்புறுதி நிறுவனம் முழுச் சேதம் என்று ஒதுக்கிய வண்டி என்றால், அதன் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜேயில் கேளுங்கள். மீட்டர் மாற்றினால் பழையது காட்டிய கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி வைத்து, விற்கும்போது அந்தத் தாளையும் கொடுங்கள்.

குதிரைசக்தி கூட்டும் டியூனிங்கைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. மீட்ட காரில் எந்த விளக்கும் எரியாமல் குறைந்தது 1,000 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த இசியு என்றால் அங்குள்ள 100 ஆக்டேன் அளவு பெட்ரோலுக்கு அமைக்கப்பட்டிருக்கும், 180 கிலோமீட்டரில் வேகத்தையும் நிறுத்திவிடும். நம் ஊர் ரோன் 95 ஊற்றினால் என்ஜின் தட்டத் தொடங்கும், நாக் சென்சார் பொறி பாயும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், சக்தி குறையும். ‘இசியு கெட்டுவிட்டது’ என்று கொண்டுவருகிற வண்டிகளில் இதுவும் ஒரு காரணம். ரோன் 97க்கு மாறிப் பார்த்த பிறகு, அதே பெட்ரோலை வைத்து டைனோவில் டியூன் செய்யுங்கள். அடுத்தவர் காரிலிருந்து எடுத்த கோப்பை ஏற்றச் சம்மதிக்காதீர்கள். டியூன் முடிந்ததும் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கிராண்டோடு சேர்த்து வையுங்கள்.