வளாகமா, இணையமா? வணிகப் பட்டத்திற்கு ஒரு நேரக் கணக்கு

எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா முடித்த தம்பி தங்கைகள் நம் தமிழ்ப் பேரவைத் தோழர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வணிக நிர்வாகப் பட்டத்தை வளாகத்தில் படிப்பதா, இணையவழி படிப்பதா? "வேலை செஞ்சிக்கிட்டே படிச்சிடலாம்தானே?" என்ற துணைக்கேள்வியும் கூடவே வரும். படிக்கலாம். ஆனால், அதற்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று பலர் கணக்குப் பார்ப்பதில்லை. வணிகத்துறை மாணவன் என்ற முறையில் அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்ட விழைகிறேன்.

இணையவழிப் பட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-இல் அமைந்தது. வேலைக்குப் போகும் பெரியவர்களை மனத்தில் கொண்டு உருவானவை இவை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாம் கண்ட இணைய வகுப்பு வேறு; அது அவசரத்திற்குத் திரையில் ஏற்றிய வகுப்பறை. எஸ்.பி.எம். தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போன அந்த ஆண்டு மாணவர்களுள் நானும் ஒருவன். அந்த அனுபவத்தை மட்டும் வைத்து இணையக் கல்வியை எடைபோடுவது நியாயமாகாது.

இனி கணக்கிற்கு வருவோம். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் இதில் அடங்கும். இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அதாவது 4,800 மணி நேரம். வளாகமானாலும் இணையமானாலும் இந்த எண் மாறாது. வளாக மாணவர் ஒரு தவணையில் ஐந்து பாடங்கள், அதாவது 15 கிரெடிட் எடுத்தால், 14 வாரங்களில் 600 மணி நேரம். வாரத்திற்குச் சுமார் 43 மணி. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேலை நேரம் வாரத்திற்கு 45 மணி. ஆக, முழுநேரப் படிப்பே ஒரு முழுநேர வேலைதான்.

என் சித்தி மகள் கிள்ளானில் ஒரு கிடங்கில் எழுத்தராக இருக்கிறாள். அவள் சம்பளம் இல்லாவிட்டால் வீட்டு வாடகை நின்றுவிடும். "நாலு பாடம் எடுத்து சீக்கிரம் முடிச்சிடுறேன் அண்ணா" என்றாள். நான்கு பாடம் என்றால் வாரத்திற்கு 34 மணி. வேலையோடு சேர்த்தால் 79. பேருந்தில் போய்வரும் நேரம் இதில் இல்லை. இரண்டு பாடம் என்றால் 17 மணி, அது தாங்கும். ஆனால், ஆண்டுக்கு மூன்று தவணை வீதம் ஆறு ஆண்டு எட்டு மாதம் ஆகும். விளம்பரத் தாளில் இந்த எண்ணை யார் பெரிதாக அச்சிடுவார்கள்? கேட்டதும் அவள் முகம் வாடியது உண்மை. இருந்தும் இரண்டு பாடத்தோடு இணையவழியே தொடங்கச் சொன்னேன்.

ஏனெனில், மறுபக்கக் கணக்கும் சிறியதன்று. பொருளியலில் 'வாய்ப்புச் செலவு' என்று படிக்கிறோமே, அதுதான் இது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதை வைத்தே பார்த்தாலும், மூன்றாண்டு முழுநேரம் படிப்பவர் விட்டுக்கொடுக்கும் வருமானம் 61,200 ரிங்கிட். கட்டணம் தனி. இதைத் தாங்கும் குடும்பங்களும் உண்டு, தாங்காத குடும்பங்களும் உண்டு.

தாங்க முடியுமானால் வளாகத்திற்கே வாருங்கள் என்பேன். வணிகப் படிப்பில் பாதி, பிறரோடு மல்லுக்கட்டுவதில்தான் இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு சந்தைப்படுத்தும் திட்டம் தீட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் கடைசி வாரம் வரை காணாமல் போவார் (இதற்கும் ஒரு கிரெடிட் தரலாம்). தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றோருக்கு ஆங்கிலத்தில் எழுந்து நின்று விற்பனைத் திட்டத்தை விளக்குவது எளிதாக வருவதில்லை. வளாகத்தில் தப்பிக்க வழியில்லை. மாதத்திற்கு ஒருமுறையாவது நின்றே ஆக வேண்டும். திரையில் கேமராவை அணைத்துவிடலாம். தொழிலியல் பயிற்சிக்கு இடம் தேடும்போதும் மூத்த மாணவர் ஒருவரின் தொலைபேசி எண் பெரிதும் உதவுகிறது.

எதைத் தேர்ந்தாலும், பணம் கட்டுமுன் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் பட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது; நீங்கள் சேரும் அதே பாடத்திட்டம், தொலைநிலை முறைக்கும் சேர்த்து அங்கீகாரம் பெற்றுள்ளதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நேரலை வகுப்பு வாரத்தில் எந்த இரவு? ஒரு தவணை விடுப்பு எடுத்தால் கட்டணம் என்ன? தொழிலியல் பயிற்சி உண்டா, அதற்கு இப்போதைய வேலையை விட வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.