மழைக்காலத்தில் பூசணத்துக்கு இடம் கொடுக்காத சமையலறை

ஐப்பசி பிறந்தால் மயிலாப்பூர், அடையாறு பக்கம் வீட்டுச் சுவரே ஈரம் கோர்த்துக்கொள்ளும். டப்பாவில் இருக்கும் சாமானைக் கேட்கவே வேண்டாம். பூசணம் விடுகிற நச்சு கழுவினாலும், கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாது. வராமல் பார்த்துக்கொண்டால் காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது, தோழிகளே!

1. மழை மாதங்களில் மளிகை லிஸ்டைப் பாதியாக்குங்கள். தி.நகரில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும்தான். ஆனால் வேர்க்கடலை, வற்றல் மிளகாய், கொப்பரை மூன்றையும் கால் கிலோ, அரை கிலோவாக வாங்குவதுதான் இப்போது லாபம்.

2. வேர்க்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சு பெரும்பாலும் சுருங்கின, நிறம் மாறின, பூச்சி அரித்த கடலையில்தான் இருக்கும். வறுத்துத் தோல் நீக்கி வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். பழுப்பும் கறுப்புமாக அவை பளிச்சென்று தெரியும், பொறுக்கி எறிந்துவிடலாம். சட்னிக்கு அரைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கசக்கிற கடலையை விழுங்காமல் துப்பக் குழந்தைகளையும் பழக்குங்கள்.

3. வற்றல் மிளகாய் வெளியே பளபளவென்று இருக்கும். காம்பைக் கிள்ளி உள்ளே பார்த்தால் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூத்திருக்கலாம். மிஷினுக்கு அனுப்புமுன் கைப்பிடி மிளகாயையாவது பிரித்துப் பாருங்கள்.

4. வெயிலில் காய்ந்த சாமானைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடிக்கு அடியில் வேர்த்துவிடும். நன்றாக ஆறவிட்டு மூடுங்கள்.

5. மழையில் நனைந்த கோதுமை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 1987-ல் காஷ்மீரில் அப்படிப்பட்ட கோதுமையைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்று வலி, தொண்டை எரிச்சல், பேதி. அதிலிருந்த பூஞ்சை நச்சு குடல் சுவரின் செல்களுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்தக்கூடியது என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். பிடிப்பு தளர்ந்தால் கிருமி உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும்.

6. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காம்பியா நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளிவந்தது. அஃப்ளாடாக்சின் உடம்பில் ஏறியிருந்த குழந்தைகளின் உமிழ்நீரில், வாயையும் குடலையும் காக்கும் எதிர்ப்புப் புரதம் குறைந்திருந்ததை அதில் கண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் இதில் மோசம். அன்றைக்கே வயிறு வலித்துக் காட்டிக்கொடுக்காது.

7. பூசணம் பிடித்த ரொட்டியை, அரிசியை மாட வீதி மாட்டுக்குப் போடாதீர்கள், புண்ணியம் இல்லை. தீவனத்து அஃப்ளாடாக்சின் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் தங்கிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தபோது, தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-ல் இது வரம்பைத் தாண்டியிருந்தது, எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே அதிகம்! பாலை நிறுத்த வேண்டாம். தெரிந்த கறவைக்காரரானால் புண்ணாக்கை, வைக்கோலை ஈரம் படாமல் வைக்கச் சொல்லுங்கள்.

8. செக்கு எண்ணெயைக் கடலை பார்த்து ஆட்டுகிற இடத்தில் வாங்குங்கள். ரீஃபைண்ட் எண்ணெயில் சுத்திகரிப்பிலேயே அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் போய்விடும், செக்கில் அந்த வழி கிடையாது.

9. பிரெட்டில் ஒரு துண்டில் புள்ளி விழுந்தாலும் மொத்த பாக்கெட்டும் குப்பைக்குத்தான். வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும்.

10. பழைய மாவு மிச்சமிருக்கும் டப்பாவில் புது மாவைக் கொட்டாதீர்கள். காலி செய்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு நிரப்புங்கள். மூடியின் விளிம்பை மறந்துவிடாதீர்கள், பழைய மாவு ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்.